இருட்டுக்குப் பயப்படாதவளின் நைட் பல்பு

அக்டோபர் 6, செவ்வாய்

நைட் பல்பு போய்விட்டது. நேற்று இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. நானும் தூங்கவில்லை, இவரையும் தூங்கவிடவில்லை.

வேலை முடிந்து வரும் வழியில் புதிது வாங்கினேன். பிளக்கில் அப்படியே செருகிவிடலாம், பிறை நிலா வடிவம். கடைக்காரர் "குழந்தைக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். குழந்தைக்கு நாற்பத்தேழு வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறது. ஆலயத்தில் பெண்கள் ஐக்கியத்தின் துணைத் தலைவி.

இவர் பார்த்துவிட்டு, "பழசே தெருவிளக்குக்கு அடியில படுத்த மாதிரி இருந்துச்சு. இப்ப நிலாவே வீட்டுக்கு வந்தாச்சா?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இதே புலம்பல். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை இவருக்கு. பகலெல்லாம் கண்ணைக் கசக்கிவிட்டு வருகிறவருக்கு இரவிலாவது இருட்டு வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் நான் என்ன செய்ய?

கடையில் இன்று தையல்காரர் வந்திருந்தார், எங்கள் ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். சந்தேகப்பட்டு அட்டையின் விளக்கை அணைத்தேன். அப்போதும் ஒப்பித்துக்கொண்டே இருந்தார். மனுஷர் மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்! "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கழுகுக் கண்ணு" என்று எழுந்து போய்விட்டார். வாசலில் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார்.

அக்டோபர் 8, வியாழன்

அண்ணி வீட்டைத் தாண்டித்தான் தினமும் வரவேண்டும். அண்ணி என்றால் இவருடைய அக்கா, ஐக்கியத்தின் செயலாளர், என் தலைவலி. அவள் வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் ஒற்றை ஆள்தான், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லா அறையிலும் விளக்கு, மாடிப்படியில் விளக்கு, குளியலறையில்கூட விளக்கு. யார் பார்க்க இந்தப் பகட்டு? இவரிடம் சொன்னேன். "அவ வீடு, அவ கரண்ட்" என்றார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 11, ஞாயிறு

ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

இன்று ஐக்கியக் கூட்டத்தில் பேசும் முறை எனக்கு. தலைப்பு 'இருளும் ஒளியும்'. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். இருட்டு என்றால் பாவம், அறியாமை, சந்தேகம்; வெளிச்சம் என்றால் கிறிஸ்து. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முன்வரிசையில் அண்ணி கொட்டாவி விட்டாள். அவள் கொட்டாவி விட்டால் எனக்கு ஏதோ ஆகிவிடும். குரலை உயர்த்தி, "உள்ளத்தில் வெளிச்சம் இருக்கிறவளுக்கு வெளியில் இருக்கிற இருட்டு ஒரு பொருட்டா? உண்மையான விசுவாசி இருட்டுக்குப் பயப்படவே மாட்டாள்!" என்று மேஜையைத் தட்டினேன். கைதட்டல். யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

பின்னால் புதுப் போதகர் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் வந்தார். இளைஞர், எதையும் உடனே செய்து பார்க்கத் துடிக்கிற ரகம். இருபத்தைந்தாம் தேதி மாலையில் 'வெளிச்ச ஆராதனை' வைக்கப்போகிறாராம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. எல்லா விளக்கும் அணையும். பத்து நிமிஷம் முழு இருட்டு, மௌனம். வெஸ்ட்ரியில் ஒருவர் மட்டும் தனியாகக் காத்திருக்க வேண்டும். போதகர் அங்கி மாட்டுகிற அந்தச் சின்ன அறைக்கு ஜன்னலே கிடையாது. "இப்போது வெளிச்சம் வரட்டும்" என்று போதகர் சொன்னதும் அந்த ஆள் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். அந்த ஒரு சுடரிலிருந்து எல்லாரும் ஏற்றிக்கொள்வார்கள்.

"செயலாளரம்மா, நீங்க செய்றீங்களா?" என்று அண்ணியைத்தான் முதலில் கேட்டார்.

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதோ இவளே இருக்காளே, போதகரே. இவளுக்குத்தான் இருட்டுன்னா பயமே கிடையாதாமே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். சிரித்தது என் வாய்தான், நான் இல்லை.

அக்டோபர் 12, திங்கள்

எனக்கு இருட்டென்றால் பயம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

காரணம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் என்னை யாரும் அறையில் போட்டுப் பூட்டவில்லை. பேய்க்கதை சொல்லவில்லை. பயம் சும்மாவே இருக்கிறது, என் மூக்கு இருப்பதைப் போல. பகலெல்லாம் கடையின் இருட்டறையில்தான் வேலை. அங்கே பயம் இல்லை, பக்கத்தில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். பரிசோதனை முடிந்ததும் அவருக்கு முன்னால் நான் பாய்ந்து வெளியே வந்துவிடுவேன். கதவு திறந்துவிடுகிற மரியாதை என்று முதலாளி பாராட்டுகிறார்.

ஆனால் பயம் இப்போது பிரச்சினை இல்லை. நேற்று நானே சொன்னேனே, உண்மையான விசுவாசி பயப்படமாட்டாள் என்று. அப்படியானால் நான் யார்? ஞானஸ்நானம், திடப்படுத்தல், இருபது வருஷ ஐக்கியம் — இதெல்லாம் என்ன, தையல்காரர் அட்டையை ஒப்பித்த மாதிரிதானா?

ஆண்டவரே, வெளிச்சம்தானே உமக்கும் பிடிக்கும்? நானும் உம்ம கட்சிதான். அதற்கு எதற்கு என்னை இருட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்?

அக்டோபர் 14, புதன்

பயிற்சி ஆரம்பம். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் இருட்டறைக்குள் தனியாக உட்கார்ந்து விளக்கை அணைத்தேன்.

பதினொரு விநாடி.

அக்டோபர் 15, வியாழன்

நாற்பது விநாடி. கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. கதவைத் திறந்தது முதலாளி.

"ஜெபமா?"

"ஆமா சார்."

"நல்லது. கடைக்கும் சேர்த்து வேண்டிக்குங்க." போகிறபோது நின்றார். "ஆமா, இருட்டுல எதுக்குக் கண்ணை வேற மூடிக்கிட்டு?"

நல்ல கேள்வி. கண்ணை மூடினால் அது நான் உண்டாக்கின இருட்டு. திறந்தால் அது வேறு யாருடையதோ.

அக்டோபர் 17, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "போதகர்கிட்ட உண்மையச் சொல்லிடேன்" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! அண்ணி இருக்கிற ஊரில் இந்த உண்மையைச் சொல்லிவிட்டு நான் எங்கே போய் ஒளிவது?

வீட்டுக் குளியலறையில் பயிற்சி. நான் உள்ளே, விளக்கு அணைந்திருக்கும். இவர் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு நிமிஷத்தில் இவருக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துத் தாம்பத்யம், இரண்டு நிமிஷத்துக்குத்தான் பேச்சு! அப்புறம் செய்தித்தாளை எடுத்து வாசித்தார். மரண அறிவிப்புப் பக்கம். பிழை திருத்திக்கொண்டே வாசித்தார்.

நான்கு நிமிஷம் தாக்குப்பிடித்தேன். ஆனால் இது கணக்கில் வராது. வெஸ்ட்ரிக்கு வெளியே இவர் நின்று செத்தவர்கள் பட்டியல் வாசிக்க முடியாது.

அக்டோபர் 22, வியாழன்

ஒத்திகை. விளக்கை அணைக்காமலே ஒத்திகை. ஒயர்மேன் சுவிட்ச் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "பதினோரு சுவிட்ச் இருக்கு. நாலு எதுக்குன்னு எனக்கே தெரியாது. அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

போதகர் ரொம்ப மும்முரம். வாசலில் ஒரு கூடை வைத்து எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடப் போகிறாராம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்கக்கூடாதாம். அவருக்கு யார்தான் பெண் கொடுத்தார்களோ.

ஆனால் — வெஸ்ட்ரியில் அங்கி மாட்டுகிற அலமாரிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது! என் கண்ணில் பட்டது தெய்வச் செயல் என்றுதான் சொல்லவேண்டும். கடையின் பென் டார்ச்சை எடுத்துப் போகலாமா என்று யோசித்து, அது ஏமாற்று என்று விட்டுவிட்டேன். சொந்த நைட் பல்பைக் கொண்டுபோய்ச் செருகுவது ஏமாற்று இல்லை. எப்படி என்று கேட்காதே. கதவு கனமான மரம், வெளியே ஒரு கீற்றுத் தெரியாது.

ஒரு வாரத்துக்கு அப்புறம் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 25, ஞாயிறு

இன்றைக்கு எழுத முடியாது. எழுத உட்கார்ந்தாலே சிரிப்பு வந்துவிடுகிறது.

அக்டோபர் 26, திங்கள்

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலயம் நிறைந்திருந்தது. வழக்கமாக மாலை ஆராதனைக்கு வராதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் சீக்கிரமே வெஸ்ட்ரிக்குள் போய் அலமாரிக்குப் பின்னால் நிலாவைச் செருகினேன். மேஜைமேல் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தேன். வெளியே பாட்டு முடிந்தது. போதகர் ஏதோ சொன்னார். அறை விளக்கை நானே அணைத்தேன். சுவரெல்லாம் நிலா வெளிச்சம். ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்றேன்.

அப்போது நிலா அணைந்தது.

பிற்பாடு ஒயர்மேன் விளக்கினார். "ஒவ்வொண்ணா எதுக்குத் தேடிக்கிட்டு? மெயினையே இறக்கிட்டேன்." மெயின்! இது எனக்குத் தோன்றவே இல்லை. பிளக் பாயின்ட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நான் நினைத்தேனோ? பரலோகத்திலிருந்தா?

மின்விசிறி நின்றுவிட்டது. சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். நான் ஜெபம் செய்தேன் என்று எழுத ஆசை. செய்யவில்லை. எனக்கு மூச்சு வரலை. அலமாரியில தொங்கின அங்கி என் தோளைத் தொட்டுச்சு, யாரோ நிக்கிறாங்கன்னே நெனச்சேன். தீப்பெட்டியைத் தேடிக் கையை நீட்டினேன், கீழே விழுந்துருச்சு. குனியவும் பயம். எழுந்தேன், சுவரைத் தடவினேன், கதவுப் பிடி கையில் பட்டது, வெளியே வந்துவிட்டேன்.

வெளியேயும் அதே இருட்டுதான். ஆனால் அங்கே இருமல் கேட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெஞ்ச் கிறீச்சிட்டது. இருநூறு பேர் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பீடத்துப் படி என்று தோன்றின இடத்தில் உட்கார்ந்தேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் மூச்சு வந்தது. கடையின் இருட்டறையில் எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அப்படியே இருந்திருப்பேன். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது.

"இப்போது வெளிச்சம் வரட்டும்!" — போதகரின் குரல், கம்பீரமாக.

நான் அசையவில்லை.

"இப்போது... வெளிச்சம் வரட்டும்."

"வெளிச்சம் வரலாம்" என்றார் மூன்றாவது தடவை, கொஞ்சம் கெஞ்சலாக.

எனக்கு இரண்டே வழி. திரும்ப உள்ளே போவது, அல்லது வாயைத் திறப்பது. வாயைத் திறந்தேன்.

"போதகரே, நான் இங்க படியில உக்காந்திருக்கேன். மெழுகுவர்த்தி உள்ள இருக்கு. எனக்கு... உள்ள போகப் பயமா இருக்கு. எனக்கு இருட்டுன்னா சின்ன வயசுலேர்ந்தே பயம். அன்னைக்குக் கூட்டத்துல நான் சொன்னது பொய்."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். முதலில் அண்ணி சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்கும்தான்" என்றது ஒரு குரல். அண்ணி! "அவரு போனதிலேர்ந்து ஒரு லைட்டை அணைக்க முடியலை. வீடு முழுக்க எரியவிட்டுட்டுதான் படுக்குறேன். அதான் இதை அவ தலையில கட்டினேன். மன்னிச்சிடும்மா."

மூன்று வருஷமாக அந்த வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷமாகப் பகட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பாடகர் குழுப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல், "எனக்கு லிஃப்ட்ல போகப் பயம். ஆறு மாடியும் நடந்தே ஏறுறேன், உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிக்கிட்டு" என்றது. பின்னால் யாரோ ஒரு பெண், "ஸ்கேன் ரிசல்ட் வந்து நாலு நாளாச்சு. கவரைப் பிரிக்கவே இல்ல" என்றார். யாரோ அவருக்காக அங்கேயே மெதுவாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு செருமல். "கண்ணாடிக் கடையம்மா, அந்த அட்டையை நான் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். ஊசியில நூல் கோக்க முடியலை. தொழில் போயிடுமோன்னு பயம்."

"தெரியும்ணே. கடைக்கு வாங்க" என்றேன். அப்போதுதான் சிரிப்பு வந்தது, முதலில் எனக்கு, அப்புறம் ஆலயம் முழுக்க.

"நானும் சொல்லிடுறேன்" என்றார் போதகர். "படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. விழுந்துடுவேனோன்னு பத்து நிமிஷமா ஒரே காலில் நிக்கிறேன்."

இருட்டில் ஒரு கை என் தலையைத் தடவி, மூக்கைக் குத்தி, தோளைப் பிடித்தது. அண்ணி. "வா, ரெண்டு பேரும் போவோம். என் கையை மட்டும் விட்டுடாதே" என்றாள். "நீங்க விடாம இருங்க முதல்ல" என்றேன். கதவைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை தூணில் முட்டினோம். உள்ளே தரையில் மண்டியிட்டு, இரண்டு பேரும் நான்கு கையாலும் தடவித் தீப்பெட்டியைக் கண்டுபிடித்தோம். அண்ணி அதைத் தலைகீழாகத் திறந்து எல்லாக் குச்சியையும் கொட்டினாள். அங்கி தொட்டதும் ஆலயமே கேட்கக் கத்தினாள். நான் சொன்னேன், "அது அங்கி அண்ணி, நமக்கு முன்னாடியே பழக்கம்."

ஒரு குச்சி பற்றியது. அண்ணியின் முகம் தெரிந்தது. மூக்கெல்லாம் அழுகை, வாயெல்லாம் சிரிப்பு.

வெளியே வந்தோம். போதகர் நிஜமாகவே ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருந்தார். எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை அவர் பிரசங்கிக்கவே இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருடைய முறை வந்தபோது என்னிடம், "எல்லாம் சரி, ஒரு பிழை. நிலாவை உள்ளயே விட்டுட்டு வந்துட்டே" என்று காதில் சொன்னார்.

அக்டோபர் 28, புதன்

மறைத்தது எல்லாம் வெளிச்சத்தில் வெளிப்படும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஆலயத்தில் எல்லாம் இருட்டில் வெளிப்பட்டது. முகம் தெரியாதபோதுதான் வாய் திறந்தது.

இன்று வேதத்தின் முதல் பக்கத்தை, உலகம் உண்டாகிற பக்கத்தை, எடுத்து வாசித்தேன். நூறு தடவை வாசித்த பக்கம். வெளிச்சம் வரட்டும் என்று சொல்வதற்கு முன்னாலேயே ஆண்டவர் அங்கே இருக்கிறார், அந்த இருட்டிலேயே. இத்தனை வருஷமாக வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீர் என் கட்சி மட்டும் இல்லை போலிருக்கிறது, ஆண்டவரே. பயந்தவளாகவே விசுவாசியாக இருக்கலாம் என்றால் எனக்குப் பெரிய நிம்மதி.

பயம் போகவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 30, வெள்ளி

தையல்காரர் வந்தார். அட்டையை மாற்றி வைத்திருந்தேன். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டார். லென்ஸ் மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரு மணி நேரம். கடைசியில் ஊசியும் நூலும் கையில் கொடுத்தேன். முதல் தடவையே கோத்துவிட்டு, நூலை உருவி மறுபடியும் கோத்துப் பார்த்தார். போகும்போது கதவில் முட்டவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

போதகர் அடுத்த மாதக் கூட்டத்திலும் என்னையே பேசச் சொன்னார். "நான் பயந்தாங்கொள்ளி போதகரே, அதான் ஊருக்கே தெரிஞ்சிடுச்சே" என்றேன். "ஆமா, இந்தத் தடவை மேஜையைத் தட்டாமப் பேசுவீங்க இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் தைத்தது.

ஸ்கேன் கவர் பிரிக்கப்பட்டதாம். அடுத்த வாரம் மறுபடி ஒரு பரிசோதனை இருக்கிறது. அண்ணிதான் கூடப் போகிறாள்.

வெஸ்ட்ரியிலிருந்து நிலாவை எடுத்து வந்தேன். நேராக அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கை அறையில் செருகினேன். அண்ணி ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னப் பிள்ளைங்க வைக்கிறது இல்ல இது?" என்றாள். "ஆமா அண்ணி, நமக்குத்தான்" என்றேன்.

நவம்பர் 4, புதன்

எங்கள் அறையில் பல்பு இல்லாமல் பத்து நாள். இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன், எனக்கே ஆச்சரியம். இவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலையில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்து, "இருபத்திரண்டு வருஷம் பழகிடுச்சு. இருட்டா இருக்கு. இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடேன்" என்கிறார்.

நவம்பர் 10, செவ்வாய்

பல்பு வாங்கினேன். அதே கடை, அதே நிலா. "குழந்தைக்கா?" என்றார் கடைக்காரர். "இல்ல, வீட்டுக்காரருக்கு" என்றேன்.

வரும்போது அண்ணி வீட்டுப் பக்கம் இருட்டியிருந்தது. ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். மாடிப்படி இருட்டு, கூடம் இருட்டு. படுக்கை அறை ஜன்னலில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.